சாவி இருந்தும் நகராத கார்

விடியற்காலை நாலரை மணி. சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் ஒரு டாக்சி டிரைவர், செம்பூருக்குப் போய் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்தில் விடவேண்டும். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். செல்ப் நன்றாக எடுக்கிறது. எஞ்சின் ஒரு கணம் உறுமுகிறது. அடுத்த கணம் அடங்கிவிடுகிறது.

மறுபடி திருப்புகிறார். மறுபடியும் அதே கதை. ஸ்டியரிங்குக்கு முன்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், சாவிப் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டுகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “பேட்டரிதான் அண்ணாச்சி, மாத்திப் போடுங்க” என்றார் ஒருவர். “பிளக்கைக் கழற்றித் துடைச்சுப் பாருங்க” என்றார் இன்னொருவர். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி உருண்டது, ஓடவில்லை. செம்பூர்க் குடும்பம் வேறு டாக்சியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். பெட்ரோல் பம்பு போய்விட்டது என்றார்கள். புதிய பம்பு மாட்டினார்கள். பம்பு புதிது; கோளாறு பழையது. மறுநாள் வந்த எலெக்ட்ரீசியன்தான் கேட்டார்: “சாவியிலே ஏதாவது வேலை பார்த்தீங்களா?”

பார்த்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை அன்று. ரிமோட் பொத்தானின் ரப்பர் கிழிந்து, சாவியின் மேலுறை இரண்டாகப் பிளந்திருந்தது. தெருவோரச் சாபிவாலாவிடம் சாவியை மட்டும் எடுத்துப்போய், புது உறை போட்டு வாங்கி வந்தார். வண்டி வாசலிலேயே நின்றது. புது உறையில் பொத்தானை அழுத்தினால் கதவு திறந்தது, மூடியது. திருப்தியாகத் தூங்கப் போனார். புளியங்கொட்டையைவிடச் சிறிய ஒரு கறுப்புத் துண்டு பழைய உறைக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது அவருக்கும் தெரியாது, சாபிவாலாவுக்கும் தெரியாது.

பழைய உறை எங்கே? நல்ல வேளையாகக் குப்பைக்குப் போகவில்லை. அவருடைய சின்ன மகள் அதைக் காதில் வைத்து டெலிபோன் பேசி விளையாடிக்கொண்டிருந்தாள். அதை வாங்கி வந்து, புதிய சாவியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திருப்பினார்கள். முதல் திருப்பிலேயே எஞ்சின் ஓடியது!

குழந்தை விளையாடியது வெறும் உறையாக இருந்ததால் தப்பியது. ரிமோட்டில் போடும் வட்டமான பொத்தான் செல் குழந்தை கையில் கிடைத்து, அது விழுங்கிவிட்டால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். பழைய செல்லை மாற்றுகிறவர்கள் அதை ஜன்னல் ஓரத்தில் போட்டுவைப்பதை முதலில் நிறுத்தவேண்டும். அது தனி விஷயம்.

டிரைவரின் நஷ்டக் கணக்கைப் பாருங்கள். விமான நிலையச் சவாரி போயிற்று. இரண்டு நாள் வருமானம் போயிற்று. இழுத்துச் சென்ற கூலி, வேண்டாத பம்பின் விலை, அதை மாட்டிய கூலி எல்லாம் போயிற்று. மாதம் இரண்டு தடவையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வாடிக்கைக் குடும்பமும் போயிற்று. காரில் ஒரு கோளாறும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

பத்மினி காலம் அல்ல

மும்பையில் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்களில் மூத்த தலைமுறை, பிரீமியர் பத்மினியில் கை பழகிய தலைமுறை. குர்லா ஆலையில் தயாரான அந்தக் காருக்குச் சாவி என்பது ஒரு இரும்புத் தகடு. அதைத் திருப்பினால் மின்சாரம் பாயும். அவ்வளவுதான். துவாரம் தேய்ந்துபோன வண்டியில் வேறு சாவியும் திரும்பும். சாவி தொலைந்தால் இரண்டு ஒயரைச் சேர்த்துக்கட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளினால் போதும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் வாயால் ஊதிவிட்டுப் போவார்கள்.

அந்த வண்டிகள் போய்விட்டன. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியின் ஆயுள் 2023 அக்டோபரோடு முடிந்தது. ஆனால் அந்த வைத்தியம் மட்டும் போகவில்லை. கார் கிளம்பவில்லை என்றால் பேட்டரி, பிளக், பம்பு, இல்லாவிட்டால் தள்ளு. இதே பாடத்தைத்தான் அப்பா மகனுக்குச் சொல்கிறார், பட்டறை மேஸ்திரி பையனுக்குச் சொல்கிறார். இப்போதைய கார்களில் இவை தவிர நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இம்மொபிலைசர். வண்டியை நகரவிடாமல் செய்கிற காவல்காரன்.

இந்தக் காவல்காரன் எப்படி வேலை செய்கிறான் என்பது பெரிய வித்தை அல்ல. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் சாவித் துவாரத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. சாவியை நுழைத்துத் திருப்பியதும் அந்தச் சுருளில் மின்சாரம் துடிக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள ரகசிய எண்ணைக் கொண்டு பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் தீப்பொறியையும் அனுமதிக்கிறது. தவறாக இருந்தாலோ, பதிலே வராவிட்டாலோ நிறுத்திவிடுகிறது. எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான் வேறு. இந்தச் சிப் வேறு. இதுதான் பலர் குழம்பும் இடம். பொத்தான் ரேடியோ அலையால் பேசுகிறது. அதற்குச் செல் வேண்டும். சிப்புக்கு வேண்டாம். ஆகவே ரிமோட் செல் தீர்ந்துபோனால் கதவு பொத்தானுக்குத் திறக்காதே தவிர, சாவியை நுழைத்துத் திருப்பும் கார் கிளம்பும். அதேபோல் பொத்தானுக்குக் கதவு திறக்கிறது என்பதால் சிப்பும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. கோலிவாடா டிரைவர் ஏமாந்தது இங்கேதான். சில மாடல்களில் சிப் ரிமோட்டின் சிறு பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் உறையின் ஒரு மூலையில் தனியாகச் செருகப்பட்டிருக்கும். தனியாக இருக்கும் ரகம்தான் உறை மாற்றும்போது பின்தங்கிவிடுகிறது.

இது தேவைதானா?

“இவ்வளவு தொல்லை எதற்கு? பழைய சாவியே நல்லதாயிற்றே!” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் உண்மை வேறு.

ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை. அதன் பலன் 2021-லும் 2022-லும் தெரிந்தது. அங்கே விற்ற இரண்டு கொரியக் கம்பெனிகளின் கார்களில் பல மாடல்களுக்கு இம்மொபிலைசர் இல்லை என்பதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டியரிங் அடிப்பக்கத்தை உடைத்து, போன் சார்ஜ் செய்யும் ஒயரின் முனையைச் சாவிபோல் செருகித் திருப்பினார்கள். ஊர் ஊராகக் கார்கள் பறிபோயின. பக்கத்து நாடான கனடாவில் அதே கம்பெனிகளின் கார்கள் இம்மொபிலைசரோடு விற்றதால், அங்கே இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. ஒரு சிறு சிப்பு செய்யும் காவலுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மும்பையில் கார் வைத்திருக்கும் குமாஸ்தாவுக்கோ டாக்சிக்காரருக்கோ கூரை போட்ட ஷெட் கிடையாது. வண்டி ராத்திரி முழுவதும் தெருவில்தான் நிற்கிறது. அந்தத் தெருவில் நிற்கும் ஒரே காவலாளி இந்தச் சிப்புதான். ஆகவே காவல்காரனை விரட்டுவதற்கு வழி தேடக்கூடாது. அவனோடு பேசத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காதும் கண்ணும் போதும்

கார் கிளம்பவில்லை என்றால் உடனே பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை. முதலில் காதால் கேட்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று மட்டும் சத்தம் வருகிறதா? டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றனவா? அது பேட்டரியின் பலவீனம், அல்லது பேட்டரி முனையில் பூத்த உப்பு. நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதற்கு முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏனென்றால் பேட்டரி மிகவும் இறங்கினால் இம்மொபிலைசரும் உளறும். சரியான சாவியையே தெரியாது என்று சொல்லும். இரண்டு நோய் ஒன்றாக வந்ததுபோல் தோன்றும், உண்மையில் ஒன்றுதான்.

ஒரு சத்தமும் இல்லையா? பேட்டரி முனை கழன்றிருக்கலாம், செல்ப் ரிலே போயிருக்கலாம். சில கார்களில் கிளட்ச்சை முழுவதும் மிதிக்காவிட்டால் செல்ப் எடுக்காது. ஆட்டோமாட்டிக் காரில் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இல்லாவிட்டால் எடுக்காது. புதிதாக வண்டி மாறிய டிரைவர்கள் இதில் மாட்டிக்கொள்வது சகஜம். சில மாடல்களில் இம்மொபிலைசரே செல்ப்பையும் தடுத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

செல்ப் சுறுசுறுப்பாக எடுக்கிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. அல்லது பிடித்து, ஒன்றிரண்டு வினாடியில் செத்துவிடுகிறது. இதுதான் இம்மொபிலைசரின் கைவரிசை. இப்போது கண்ணுக்கு வேலை. சாவியை ‘ஆன்’ வரை திருப்பினால் பெரும்பாலான கார்களில் சாவிப் பட விளக்கு எரிந்து, இரண்டு மூன்று வினாடியில் அணைந்துவிடும். அப்படி அணைந்தால், சாவியை வண்டி ஒப்புக்கொண்டுவிட்டது. கோளாறு வேறு எங்கோ. அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், “நீ யார் என்று எனக்குத் தெரியவில்லை” என்று வண்டி சொல்கிறது. பூட்டி நிறுத்திய காரில் அதே விளக்கு மெதுவாகச் சிமிட்டுவது வேறு. அது காவல் இருப்பதன் அடையாளம்.

வண்டி தெரியவில்லை என்று சொன்னால், விடாமல் செல்ப் அடித்துப் பேட்டரியையும் இறக்கிவிடக் கூடாது. சாவியை வெளியே எடுத்துச் சாவிக்கொத்திலிருந்து கழற்ற வேண்டும். கொத்தில் இன்னொரு காரின் சாவி இருந்தால் இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, எதுவும் வண்டிக்குப் புரியாமல் போய்விடும். வாடகைக்கு இரண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் போடுவது இந்தக் காரணத்தால் தப்பு. பெரிய இரும்பு வளையம், ஆபீஸ் கதவுக்குக் காட்டும் அட்டை இவையும் தொந்தரவு செய்யலாம். சாவியைத் தனியாக்கி, சிறிது நேரம் பொறுத்து, மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதிய கார்களில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே சாவியைச் செருகுவதே இல்லை. சாவியில் உள்ள செல் தீர்ந்தால் “சாவி இல்லை” என்று வண்டி சொல்லும். மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே திகைத்து நிற்பார். அதற்கும் மாற்றுவழி வைத்தே செய்திருக்கிறார்கள். ரிமோட்டுக்குள் கதவைத் திறக்க ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். உள்ளே போய், ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, அல்லது கையேட்டில் குறித்த இடத்தில் வைத்து அழுத்தினால் செல் இல்லாமலே கிளம்பும். இந்த ஒரு வரி தெரியாமல் இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

செல் வாங்குவதும் பெரிய காரியம் அல்ல. பல ரிமோட்டுகளில் இருப்பது சி.ஆர். 2032. எண்ணே அளவைச் சொல்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். லாமிங்டன் ரோட்டிலும் கிடைக்கும், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பழைய செல்லில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்கினால் போதும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சாவியின் பதிவு அழிந்துபோகும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. பதிவு மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவுப் பகுதியில் இருக்கிறது. பேட்டரி மாற்றியதால் அழியாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் அதற்கும் பெரும்பாலும் இம்மொபிலைசர் காரணமாக இருக்காது. அது கிளம்பும்போது கேட்பதோடு சரி. கடையில் தனியாக அலாரம் வாங்கி மாட்டிய வண்டியானால் கதை வேறு. அந்த அலாரத்துக்காக பெட்ரோல் பம்பு ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே போட்டிருப்பார்கள். மலிவான ரிலே மும்பை மழையில் துருப்பிடித்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடும். பட்டறையில் முதலில் சொல்லவேண்டிய செய்தி, “வெளி அலாரம் மாட்டியிருக்கிறேன்” என்பது.

இரண்டாவது சாவி

மேலே சொன்ன சோதனைகளைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு மெக்கானிக் வேண்டாம், மீட்டர் வேண்டாம். இரண்டாவது சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். கார் கிளம்பினால் கோளாறு முதல் சாவியில். இரண்டுக்கும் கிளம்பாவிட்டால் கோளாறு காரில். ஒரு நிமிஷத்தில் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

அந்த இரண்டாவது சாவி எங்கே? இதுதான் கசப்பான கேள்வி.

ஷிப்டு முறையில் ஓட்டும் டிரைவரிடம் அது இருக்காது. முதலாளி வீட்டில் இருக்கும். முதலாளி முலுண்டில் தூங்குவார், டிரைவர் அந்தேரியில் நிற்பார். அன்றைய வாடகையை மட்டும் அவர் கட்டியாக வேண்டும்! சில இடங்களில் கடன் கொடுத்தவர் ஒரு சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. சொந்தக் கார் வாங்கிய குமாஸ்தாவோ, ரொம்ப ஜாக்கிரதையாக அதை ஊருக்குக் கொண்டுபோய், பத்திரத்தோடும் நகையோடும் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டு வருவார். கார் டோம்பிவிலியில், சாவி 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் திருநெல்வேலியில்!

பழைய கார் வாங்குகிறவர்கள் நிலை இதைவிட மோசம். விற்பவர் ஒரு சாவியைக் கொடுக்கிறார். “இன்னொன்று எங்கோ போய்விட்டது, சாபிவாலாவிடம் வெட்டிக்கொள்ளலாம்” என்கிறார். வாங்குகிறவர் வர்ணத்தைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாதாரணமாக வெட்டிய சாவி கதவைத் திறக்கும். துவாரத்தில் திரும்பவும் செய்யும். எஞ்சினைக் கிளப்பாது. சிப் வைத்த புதுச் சாவி வாங்கி, அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிட்டால் செலவு இன்னும் ஏறும். சில வண்டிகளில் பெட்டியையே மாற்ற நேரிடும்.

அதோடும் முடியவில்லை. கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் பொருள்களில் ஒன்று இரண்டு அசல் சாவிகள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், “இன்னொன்றைக் காரிலேயே விட்டுவைத்தீர்களா? யாரிடமாவது கொடுத்தீர்களா?” என்று கேள்வி தொடங்கும். பணம் கைக்கு வருமா என்பது சந்தேகத்துக்குள்ளாகிவிடும். (மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்குத் திருட்டுக்கு ஒரு காசும் கிடையாது என்பதை அறியாதவர்களும் இருக்கிறார்கள்.) தொலைந்த சாவிக்கு அன்றைக்கே போலீசில் பதிவு செய்து சீட்டு வாங்கி வைப்பது நல்லது. மும்பை போலீசில் தொலைந்த பொருளுக்கான பதிவை வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே இரண்டு சாவி இல்லாத பழைய காருக்கு, புதுச் சாவிக்கும் பதிவுக்கும் ஆகும் செலவைக் கழித்தே விலை பேசவேண்டும். கொடுத்த இரண்டு சாவியாலும் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணவேண்டும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

குறுக்கு வழி

சாவிச் சிக்கலில் மாட்டியவர்களிடம் சிலர் ஒரு மருந்து சொல்வார்கள். “இம்மொபிலைசரையே கழற்றிவிடலாம். இல்லையென்றால் நல்ல சிப்பை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் சுருளோடு சேர்த்துக் கட்டிவிடலாம். அப்புறம் எந்தச் சாவிக்கும் ஓடும்.” ஓடும்தான், திருடன் சாவிக்கும் ஓடும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது போன்ற காரியம் இது. கார் திருடு போய், இன்சூரன்ஸ் விசாரணையில் இது வெளிவந்தால் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் இருக்காது. ஒரு நாள் சவாரியைக் காப்பாற்ற முழு வண்டியைப் பணயம் வைக்கவேண்டாம்.

ரகசிய எண் யார் கையில்?

ஆனால் ஏழைத் தொழிலாளி குறுக்கு வழிக்கு ஏன் போகிறார் என்றும் கேட்கவேண்டும். நேர் வழி அடைபட்டிருப்பதால் போகிறார்.

புதுச் சாவியைப் பதிய இரண்டு வேண்டும்: ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் மாட்டும் ஸ்கேனர் ஒன்று, பல வண்டிகளில், அந்த வண்டிக்கென்று உள்ள ரகசிய எண் இன்னொன்று. கார் புதிதாக வந்தபோது அந்த எண் சாவியோடு ஒரு சிறு தகட்டிலோ அட்டையிலோ வந்திருக்கும். முதல் சொந்தக்காரர் தூக்கி எறிந்திருப்பார். இரண்டாவது சொந்தக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது இல்லாவிட்டால் கம்பெனியின் சொந்த ஒர்க்‌ஷாப்பைத்தான் நாடவேண்டும். அங்கே அவர்கள் சொன்னதுதான் விலை, அவர்கள் சொன்னதுதான் நாள்.

இந்தப் பூட்டு ஒரு சாவியோடு நிற்கிற விஷயம் அல்ல. 2014 ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்து, சந்தையைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. மேல்முறையீடு, கோர்ட்டு என்று வழக்கு நீண்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று.

கம்பெனிகள் சொல்லும் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. “ரகசிய எண்ணைத் தெருவில் விட்டால் திருடர்களுக்குத்தானே லாபம்?” என்கிறார்கள். சரிதான். தெருவில் விடவேண்டாம், சொந்தக்காரரிடம் கொடுக்கட்டும். ஆர்.சி. அட்டையையும் அடையாளச் சீட்டையும் காட்டுகிற சொந்தக்காரருக்கு, அவர் மூன்றாவது கையாக வாங்கியவராக இருந்தாலும், அவருடைய வண்டியின் எண்ணை எழுத்து மூலம் கொடுப்பதில் என்ன ஆபத்து? கொடுத்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். அந்த எண்ணோடு அவர் தனக்குப் பிடித்த பட்டறைக்குப் போகட்டும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் எலெக்ட்ரீசியன்களுக்குப் பஞ்சமா? ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்த தமிழ்ப் பையன்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் நேர்மையாகப் பிழைக்க ஒரு வழி பிறக்கும்.

கையேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியோடு வரும் தடிப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது: எந்த விளக்கு சிமிட்டினால் என்ன அர்த்தம், ரிமோட்டை எங்கே வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதுவரை. ஆனால் அந்த இங்கிலீஷ் வக்கீல் நோட்டீசைவிடக் கடினம். காரை ஓட்டிப் பிழைக்கிறவன் படிக்கக்கூடிய பாஷையில், சாவியைப் பற்றி மட்டும் ஒரே பக்கம் அச்சடித்து, டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக் கொடுத்தால் கம்பெனிக்கு என்ன செலவாகிவிடும்? லட்சக்கணக்கில் விலை வாங்குகிற பொருளோடு ஒரு தாள்! அது இருந்திருந்தால் கோலிவாடாக்காரர் பம்பு மாற்றியிருக்க மாட்டார்.

டாக்சி முதலாளிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஷிப்டு டிரைவரிடம் இரண்டாவது சாவியைக் கொடுக்கத் தயக்கம் இருந்தால், வண்டி நிற்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். சாவிக் கோளாறால் வண்டி நின்ற நாளுக்கு டிரைவரிடம் வாடகை வசூலிப்பது நியாயமே அல்ல. சாவி முதலாளியின் பொருள், கோளாறும் அவருடையதே.

உறை மாற்றுகிறவர்கள் வண்டியைக் கூடவே கொண்டுபோய், சாபிவாலா கண்ணெதிரில் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்த பிறகு காசு கொடுக்கவேண்டும். பழைய உறையை அங்கேயே உடைத்து, உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும். ஊரில் பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது சாவியை, அடுத்த தடவை போகும்போது மறக்காமல் மும்பைக்கு எடுத்துவர வேண்டும். அதை அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. மாதத்துக்கு ஒரு நாள் அந்தச் சாவியால் வண்டியைக் கிளப்பி, தெருமுனை வரை ஓட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைக்கவேண்டும்.